எழுந்து போகாமல்

மாரிகுப்பம், கோலார் தங்கவயல்
4-10-1920

என் தம்பி தனசேகரனுக்கு அக்கா மேரி எழுதுவது. கர்த்தர் உன்னைக் காக்கட்டும். இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் அவருடைய கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று முதலில் எழுது.

நீ சபையை விட்டதும், மிஷன் பள்ளிக்கூட வேலையை விட்டதும், ரயில்வே கேட்டில் போய்ச் சேர்ந்ததும் நம் ஊர் ஆள் ஒருவர் சுரங்க வேலைக்கு வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, ஞாயிறுதோறும் பிரசங்கம் பண்ணின உபதேசியார் கையில் இப்போது கொடியா? அப்பா ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு சேரிக்குள் நடந்து வந்த நடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதுவரைக்கும் அவர் குனிந்துதான் நடப்பார். அதையும் சேர்த்தா நீ விட்டாய்?

தாவீதைக் கர்த்தர் எடுத்துக்கொண்டாரே என்று கோபமா? விஷ ஜுரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தது நீ ஒருவன் மட்டும் இல்லையே, தம்பி.

லேயாள் சாராளைக் கூட்டிக்கொண்டு உன்னை விட்டுப் போனதையும் கேள்விப்பட்டேன். அவளைத் தேடி அலையாதே. எங்கே இருந்தாலும் மகளைப் பட்டினி போடுகிறவள் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா
மேரி


ஐயம்பேட்டை கேட், காஞ்சிபுரம்
19-10-1920

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தின் தலைப்பில் என்ன எழுதுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கர்த்தர் பெயரை எழுதினால் பொய். வேறு சாமி பெயரை எழுதினாலும் பொய். நீயும் மாமாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கவேண்டும் என்பது மட்டும் மெய். அதையே முதல் வரியாக வைத்துக்கொள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையைத் தண்டவாளம் குறுக்கே வெட்டுகிற இடத்தில் இந்தக் கேட் இருக்கிறது. பக்கத்தில் ஓர் அறைக் குடிசை. அதுதான் வீடு. வண்டி வரும் நேரத்துக்குக் கேட்டை மூடவேண்டும், போனபின் திறக்கவேண்டும். பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீரபாகு பட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த வழியாகப் போவார். கேட் மூடியிருந்தால் மூட்டையை இறக்கிவிட்டு, எட்ட நின்றபடியே பேசுவார். நான் சபையை விட்டவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் கேட்டார்: "அப்போ உனுக்குன்னு ஒரு சாமியும் இல்லியாப்பா? பொழுது சாஞ்சா பயமா இருக்காது?"

இருக்குது என்றுதான் சொன்னேன்.

கோபமா என்று கேட்டிருக்கிறாய். கோபம் இருந்தால் தேவலை, அக்கா. கோபப்படுவதற்கு எதிரே ஒருவர் இருக்கிறார் என்றாகும். விடிவதற்கு முன்னால் எழுந்து ஜெபம் பண்ணியே பழகின உடம்பு இது. இப்போதும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. முழித்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு முதல் வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

சாராளுக்கு எட்டு வயது நடக்கும் இப்போது.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி
தனசேகரன்


மாரிகுப்பம்
21-11-1920

தம்பிக்கு, கர்த்தருக்குள் மேரி அக்கா எழுதுவது. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாயே.

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். உன் மாமா சபாபதியைத்தான் உனக்குத் தெரியுமே, எதையும் சட்டென்று சொல்லிவிடுவார். இங்கே புத்த சங்கம் என்று ஒன்று நடத்துகிறார்கள், நம் ஜனங்கள் நிறையப் பேர் போகிறார்கள். "அவனை அங்க வந்து சேந்துக்கச் சொல்லு, எதுனா ஒண்ணு கையில இருக்கட்டும்" என்கிறார். நான் அவருக்கு அன்றைக்குச் சோறு போடவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். உனக்கு இஷ்டம் இருக்கிறதோ இல்லையோ, காலையில் முழங்காலில் நில். கால் மடங்கினால் மனசும் ஒருநாள் மடங்கும்.

கிறிஸ்மஸுக்கு உன்னை இங்கே வரச்சொல்லி எழுதவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த வருஷம் வேண்டாம். வீட்டில் இடம் போதாது. குளிரும் அதிகம். தப்பாக நினைக்காதே.

அக்கா
மேரி


ஐயம்பேட்டை கேட்
26-12-1920

அன்புள்ள அக்கா,

நீயும் வீட்டில் எல்லாரும் பண்டிகையைச் சந்தோஷமாகக் கொண்டாடியிருப்பீர்கள். எனக்கு நேற்று முழுவதும் வேலை. லேசாக ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

மாமாவிடம் சொல், அவர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவன் கொஞ்ச காலம் வெளியிலேயே நின்று பார்க்கட்டும். அடுத்த தெருவிலேயே இன்னொரு வீடு பார்க்கத் தோன்றவில்லை. ஆடியில் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், கூப்பிட்டார்கள், போய்க் குடித்தேன். கூழ் நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

உனக்குக் காரணம் சொல்லாமலே இருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

ஜுரம் வந்த மாதம் சேரியில் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணினேன். எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தைகள்தான். சில வீட்டில் பிழைத்தார்கள், சில வீட்டில் இல்லை. பிறகு என் வீடு. ஜுரம் அடங்கினபிறகு கோவிலில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். கர்த்தர் நம்மைக் காப்பாற்றினதற்கு நீர் சாட்சி சொல்லும் என்று பாதிரியார் என்னை அழைத்தார். மேலே ஏறி நின்றேன். முன் வரிசையில் புருஷனைப் புதைத்துவிட்டு வந்திருந்த ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் அதே வார்த்தைகளைச் சொன்னவன்தானே நான். வாய் திறக்கவில்லை. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் பிரசங்கம் பண்ணினேன். யாருமில்லாத அறைக்குள் பேசுவது போல இருந்தது. கடைசியில் பாதிரியாரிடம் சொன்னேன். நல்ல மனுஷர். வறண்ட காலம் எல்லாருக்கும் வரும், சத்தம் போடாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிரும் என்றார். சம்பளத்துக்காக ஜெபம் பண்ண என்னால் முடியவில்லை.

அதை லேயாளிடம் சொன்ன அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நம்ம புள்ள எங்க இருக்கான்? அத்த மட்டும் சொல்லுங்க." தெரியாது என்றேன். மறு வாரம் அவள் போய்விட்டாள். செங்கல்பட்டில் அவள் அண்ணன் வீட்டுக்கு இரண்டு கடிதம் போட்டேன். அங்கே இல்லை என்று இரண்டும் திரும்பி வந்தன.

நீ சொன்னபடி முழங்காலில் நின்று பார்த்தேன். முழங்கால் வலித்தது.

தம்பி
தனசேகரன்


மாரிகுப்பம்
5-1-1921

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். புது வருஷம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும். ஜலதோஷத்துக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடி.

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு உன்னைப் போல் எழுதத் தெரியாது. நீ மேடையிலிருந்து இறங்கினதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த முதல் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இங்கே பண்டிகை நன்றாக நடந்தது. பிள்ளைகள் நாலு பேரும் கோவிலில் வரிசையாக நின்று பாடினார்கள். துரைமார்கூட நின்று கேட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை. நன்றாகச் சாப்பிடு.

மேரி


ஐயம்பேட்டை கேட்
22-1-1921

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கஷாயம் குடித்தேன், சரியாகிவிட்டது.

பொங்கலுக்கு மறுநாள் இங்கே ஒன்று நடந்தது. உன்னிடம்தான் சொல்லவேண்டும் போலிருக்கிறது. சின்னக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் வருஷத்துக்கு ஒருமுறை பரிவேட்டை உற்சவத்துக்குப் பழையசீவரம் போவார். இந்தச் சாலை வழியாகத்தான். விடியப்போகிற நேரம். கூட்ஸ் வண்டி வருவதாக இருந்ததால் நான் கேட்டை மூடியிருந்தேன். தீவட்டியும் மேளமுமாகப் பல்லக்கு கேட்டுக்கே வந்துவிட்டது. கோவில்காரர் ஒருவர் முன்னால் ஓடி வந்தார்.

"யார்டா கேட்டுக்காரன்? தொற. பெருமாள் வந்துண்டிருக்கார்."

"சாமி, கூட்ஸ் வருதுங்க. போனப்புறம்தான் தொறக்கணும்."

"பெருமாளையே நிக்கச் சொல்றியா?"

பல்லக்குத் தூக்குகிறவர்களில் வயதான ஒருவர்தான் சொன்னார். "நிக்கட்டும் ஸ்வாமி. எங்க தோளும் செத்த ஆறட்டும்."

கட்டைகளை முட்டுக் கொடுத்துப் பல்லக்கை நிறுத்தினார்கள். கூட்ஸ் வரவில்லை, தாமதம். மேளக்காரர்கள் வாசித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகக் கூட வந்த ஜனங்கள் சாலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் தெருக்களில் நம்மை விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதனால் அந்தப் பெருமாளின் முகத்தை இத்தனை வயசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் கேட் ஒன்றுதான்.

பயப்படாதே. நான் கும்பிடவில்லை. அவரிடம் பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அத்தனை பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் காத்துக்கொண்டிருந்தோம். பெருமாளும் எங்களோடுதான் நின்றார். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல், சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல், சும்மா காத்திருந்தோம். தினமும் விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து நான் செய்துகொண்டிருப்பதும் இதுதானே என்று தோன்றியது. அதை வீண் என்று நினைத்து அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கூட்ஸ் போனது. கேட்டைத் திறந்தேன். "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்றார்கள். வயலுக்குள் இறங்கி நின்றேன். பல்லக்கு போய்விட்டது. மறுபடியும் சாலையில் நான் மட்டும்தான்.

அதிலிருந்து காலையில் உட்காரும்போது வெட்கப்படுவதில்லை. ஜுரத்தில் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்கிறேன். யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பெயர்கள் தீர்ந்ததும் காத்திருக்கிறேன். ஊதல் சத்தம் கேட்டதும் எழுந்து போகிறேன். இதற்கு என்ன பெயர் என்று மாமா கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு.

இன்னொன்று. பிள்ளைகள் நாலு பேர் பாடினார்கள் என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பிள்ளைகள் மூன்று பேர். நான் எதுவும் கேட்கவில்லை, அக்கா. அங்கே குளிர் அதிகம் என்றாயே, சாராளுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். நெஞ்சை மூடித் தூங்கவை.

தம்பி
தனசேகரன்


ஐயம்பேட்டை கேட்
14-3-1921

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா? சுரங்கத்தில் விபத்து ஏதேனும் நடந்ததா என்று ஸ்டேஷனில் பத்திரிகை வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

போன கடிதத்தில் கடைசியாக எழுதினதற்காக நீ பதில் போடாமல் இருந்தால், அந்த வரிகளை நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள். அவர்கள் உன்னிடம் இருக்கிறார்கள் என்று தெரிந்ததே எனக்குப் போதும். வேறு யாரிடமாவது இருந்தால்தான் கவலை. நீ நன்றாகப் பார்த்துக்கொள்வாய்.

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. வீரபாகு ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. பேச ஆளில்லாததால் எனக்கு என் குரலே மறந்துவிடும்போல இருக்கிறது. ஒரு கார்டாவது போடு.

தம்பி
தனசேகரன்


மாரிகுப்பம்
10-4-1921

அன்புள்ளவருக்கு லேயாள் எழுதுவது. நானும் சாராளும் சுகம். நீங்கள் இளைத்துப் போயிருக்கிறீர்கள் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

மேரி அண்ணியைக் குற்றம் சொல்லாதீர்கள். சொல்லவேண்டாம் என்று அவர்களிடம் சத்தியம் வாங்கினது நான்தான். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் அண்ணி உரக்கப் படிப்பார்கள். நான் அடுப்படியில் இருப்பேன். கேட்காத மாதிரி வேலை செய்துகொண்டிருப்பேன். நாலு பேர் என்று நீங்கள் கண்டுபிடித்ததைப் படித்த அன்று அண்ணி அழுதார்கள். பதில் போடவேண்டியது நீதான் என்று சொல்லிப் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இத்தனை நாள் ஆனது.

தெரியாது என்று சொன்னதற்காக நான் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இல்லை. சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனீர்கள். பொழுது சாயும்வரை வரவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். நான் தாவீதின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவீர்கள். அவனைப் பெற்றவள் அவனைப் பற்றி யாரோடு பேசுவாள்? கர்த்தரோடு பேசினேன். ஆனால் அவருக்கு அவன் சிரித்தால் கண் மூடிப்போகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அது தெரிந்த இன்னொரு மனுஷன் எனக்கு வேண்டியிருந்தது.

ஜுரத்தில் போனவர்களின் பெயர்களைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஒரு கடிதத்திலும் அவன் பெயர் இல்லை. காலையில் சொல்லும்போதாவது சொல்கிறீர்களா?

நான் ஜெபத்தை விடமாட்டேன். விடச் சொல்லவும் கூடாது. உங்களை முழங்காலில் நிற்கச் சொல்லவும் மாட்டேன்.

சாராள் கூட்டல் கழித்தல் எல்லாம் போடுகிறாள். அப்பாவுக்கு ரயில் ஓட்டத் தெரியுமா என்று கேட்கிறாள்.

லேயாள்


ஐயம்பேட்டை கேட்
18-4-1921

அன்புள்ள லேயாவுக்கு,

நீயும் குழந்தையும் சுகம் என்று உன் கையெழுத்திலேயே பார்த்தேன். நான் இளைத்தது வாஸ்தவம். சமைக்கச் சோம்பல், வேறு வியாதி இல்லை.

இல்லை. காலையிலும் சொன்னதில்லை. மற்ற எல்லாருடைய பெயரையும் சொல்லிவிட்டு அவன் பெயருக்கு வரும்போது நிறுத்திவிடுவேன். உன் கடிதம் வந்த மறுநாள் சொன்னேன். தாவீது. இப்போது எழுதியும்விட்டேன். அவன் சிரித்தால் கண் மூடிப்போகும். இடது கண் முதலில் மூடும், அதை நீ எழுதவில்லை.

உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. லீவு கிடைக்கிற நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன். சபையை விட்டவனுக்கு அங்கே என்ன வேலை என்று காவல்காரர் முதலில் கேட்டார். பிறகு கேட்பதில்லை. புல்லைப் பிடுங்குவேன், பக்கத்தில் உட்காருவேன். ஜெபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

நீ கேட்டதற்கு இன்றைக்கும் பதில் தெரியாது. மோட்சத்தில் இருக்கிறான் என்று என்னால் சொல்லமுடியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. வருவதாக இருந்தால் வா. இது ஓர் அறை. மழையில் ஒரு மூலை ஒழுகும். நீ ஜெபம் பண்ணும்போது நான் வெளியே போகமாட்டேன்.

எனக்கு ரயில் ஓட்டத் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும் என்று சாராளுக்குச் சொல்.

தனசேகரன்


மாரிகுப்பம்
15-5-1921

தம்பிக்கு மேரி அக்கா கர்த்தருடைய நாமத்தில் எழுதுவது. உன் மாமாவுக்கு லேசாக இருமல். மற்றபடி நாங்கள் சுகம்.

வருகிற சனிக்கிழமை லேயாளையும் சாராளையும் அனுப்புகிறேன். வாலாஜாபாத்தில் இறங்குவார்கள். மாமா அரக்கோணம் வரைக்கும் கூட வருகிறார். ஊறுகாய் ஜாடியை ஜாக்கிரதையாக இறக்கு.

சாராள் போனபிறகு என் கடைக்குட்டி யாரோடு படுக்கும் என்று தெரியவில்லை. இப்போதே அழுகிறது. நீ பெருமாளைப் பார்த்து நின்றதை நான் இன்னும் சபையில் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. உனக்காக ஜெபம் பண்ணுவதை மட்டும் நிறுத்தமாட்டேன். அதற்கு நீ ஒன்றும் சொல்லக்கூடாது.

அக்கா
மேரி


ஐயம்பேட்டை கேட்
12-6-1921

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது? சுரங்கத்துத் தூசு பொல்லாதது, அசட்டையாக விடாதே. நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஊறுகாய் பத்திரமாக வந்தது. சாராள் வளர்ந்துவிட்டாள். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டாள். இரண்டு நாள் 'அப்பா' என்று கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொடியைக் கேட்பதற்காகக் கூப்பிட்டாள்.

வந்த அன்று சாயங்காலம் லேயாள் விளக்கேற்றி வேதத்தை எடுத்தாள். ஒரு சங்கீதம் வாசித்தாள். பிறகு முழங்காலில் நின்று சத்தமாக ஜெபம் பண்ணினாள். நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். உன் பெயர், மாமா பெயர், உன் பிள்ளைகள் பெயர் எல்லாம் வந்தன. கடைசியில் என்னைப் பற்றி, நான் அங்கே இல்லாதது போலச் சொன்னாள்: "ஆண்டவரே, இவரு உம்ம வீட்ட வுட்டு வந்துட்டாரு. நீர் கோச்சிக்கக்கூடாது." சாராள் ஆமென் என்றாள். எனக்கு வரவில்லை.

குழந்தை தூங்கினபிறகு லேயாள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அவன் எங்க இருக்கான்?"

"தெரியாது, லேயா."

நான் எழுந்து போகவில்லை. அவள் தாவீதுக்குச் சோறு ஊட்டும்போது அவன் வாயை இறுக்கி மூடிக்கொள்வதைச் சொன்னாள். நான் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு பாலாற்று மணலில் நடந்ததைச் சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், அக்கா. அவன் போன அன்றைக்குக்கூட நான் அழவில்லை. அன்று மற்ற வீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது.

நடுவில் வண்டியின் ஊதல் கேட்டது. எழுந்தேயாகவேண்டும். எழுந்து நின்று, போக முடியாமல் அவளைப் பார்த்தேன். "போய்ட்டு வாங்க" என்றாள்.

கேட்டை மூடினேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி போனது. திறந்துவிட்டு வந்தேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

விடியற்காலையில் இப்போதும் நான் தனியாகத்தான் வெளியே உட்காருகிறேன். அந்த நேரத்துக்கு அவளை நான் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. அவளுடைய ஜெபத்துக்குள் எனக்கு வழியில்லாதது போலவே இதற்குள் அவளுக்கு வழியில்லை. அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே பெயர்களைச் சொல்லி முடிப்பேன்.

கடைக்குட்டி இன்னும் அழுகிறதா? சாராள் அதற்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுத்துப் பிழை நிறைய. திருத்தவேண்டாம் என்று லேயாள் சொல்லிவிட்டாள்.

உன் தம்பி
தனசேகரன்